குறைந்த விலையில் லீவர் ரைஃபிள்: கௌபாய் போட்டிக்கு எதை வாங்குவது?

ஒஹாயோ புதியவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சங்கம், பழங்கால மேற்கு அமெரிக்கப் பாணித் துப்பாக்கிகளால் நேரம் கணித்துச் சுடும் விளையாட்டாக நடத்தும் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் போட்டிகளைச் சில காலமாகப் பார்வையாளராகச் சென்று பார்த்து வருகிறேன். வரும் பருவத்தில் நானும் பங்கேற்க விரும்புகிறேன். .357 மேக்னம் அளவில், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் என்னிடம் உள்ளன. இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றை நண்பர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனி வாங்க வேண்டியது டிரிகருக்குக் கீழுள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள் மட்டுமே. அதற்கு என்னால் 900 டாலருக்கு மேல் ஒதுக்க இயலாது.

கடையில் 16 அங்குலக் குழல் கொண்ட ரோஸ்ஸி ஆர்92 ஒன்றைப் பார்த்தேன். அதன் விலையும் எடையும் பிடித்திருந்தன. ஆனால் போட்டியில் முன்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வின்செஸ்டரின் 1873 வகையையே வைத்திருக்கிறார்கள். அது என் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. நான் இடக்கைப் பழக்கம் உடையவன் என்பதையும் குறிப்பிட வேண்டும். மலிவானதை இப்போது வாங்குவதா, பணம் சேரும்வரை காத்திருப்பதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அரிசோனா அன்பர்

வரவேற்கிறேன், நண்பரே. எந்த நிறுவனம் என்ற கேள்விக்குப் போகும் முன், கடையில் பார்த்த அந்த 16 அங்குலத் துப்பாக்கியை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இந்த விளையாட்டின் ஒவ்வொரு ஸ்டேஜிலும், அதாவது சுற்றிலும், ரைஃபிளுக்குப் பெரும்பாலும் பத்துத் தோட்டாக்கள், இரண்டு ரிவால்வர்களுக்கும் ஐந்தைந்தாகப் பத்துத் தோட்டாக்கள், ஷாட்கனுக்கு நான்கோ அதற்குச் சற்று அதிகமோ என்று வகுத்திருப்பார்கள். 16 அங்குல ஆர்92-இன் தோட்டாக்களை வைக்கும் மேகசின் குழாயில் .357 தோட்டாக்கள் எட்டுதான் அடங்கும். எஞ்சிய இரண்டையும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் சுடாத ஒவ்வொரு தோட்டாவும் தவறிய குறியாகக் கணக்கிடப்பட்டு ஐந்து விநாடிகள் கூடும். 20 அங்குலக் குழலுள்ள அதே துப்பாக்கியில் பத்தும் அடங்கும், விலையிலும் பெரிய வேறுபாடு கிடையாது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனெனில் குட்டைக் குழலின் அழகில் மயங்கி வாங்கியவர்கள் பிறகு அதை விற்கத்தான் பார்க்கிறார்கள்.

விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு 1987-இல் தொடங்கியது. பெரும்பாலான சங்கங்கள் அதன் விதிகளையே பின்பற்றுகின்றன. ரைஃபிள் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுவதாகவும், சுத்தியல் வெளியே தெரிவதாகவும், குழாய் மேகசின் கொண்டதாகவும் இருக்க வேண்டும். தோட்டாவின் தலை ஈயமாக இருக்க வேண்டும், உலோக உறையிட்டது கூடாது. ரைஃபிளில் அதன் வேகம் விநாடிக்கு 1,400 அடியைத் தாண்டக் கூடாது. குறிகள் எஃகுத் தகடுகள், அவையும் மிக அருகில் நிற்பவை, ஆதலால் இந்த வரம்புகள் ஒவ்வொன்றும் கண்ணையும் உடலையும் காப்பதற்காக வைக்கப்பட்டவை. வேட்டைக்குப் புகழ்பெற்ற .30-30 வின்செஸ்டர் 94-ஐ யாராவது மலிவாகத் தர முன்வந்தால், அது நல்ல துப்பாக்கிதான் என்றாலும் இந்தப் போட்டியின் முதன்மைப் பிரிவுக்கு உதவாது.

டெக்சாஸ் பட்டறைக்காரர்

அரிசோனா அன்பர் சொன்னதை வழிமொழிகிறேன். 20 அங்குல ஆர்92 உங்கள் தொகைக்குள் வந்து, கொஞ்சம் மீதமும் இருக்கும். புதிதாக வாங்கினால் சுமார் 700 முதல் 800 டாலருக்குள் பார்க்கலாம். அந்த மீதத்தைச் செலவழித்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

ஆர்92 பின்பற்றும் வின்செஸ்டரின் 1892 வகை ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு. தம் பெரிய 1886 வகையில் அவர் கையாண்ட இரட்டைச் செங்குத்துப் பூட்டுக்கட்டைகளையே சிறிதாக்கி இதில் பொருத்தினார். லீவரை மூடும்போது இரு பக்கமும் இரண்டு கட்டைகள் மேலெழுந்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பூட்டுகின்றன. இந்த விலையில் இதைவிட வலுவான அமைப்பு கிடைப்பது அரிது. அதன் குறை வலுவில் இல்லை, மென்மையில்தான் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் லீவர் இறுக்கமாக இருக்கும். ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேல் கடினமானவை. எஜெக்டர் ஸ்பிரிங் வெற்றுக்கூடுகளைத் தலைக்கு மேலே வெகுதூரம் வீசும். லோடிங் கேட்டின் விளிம்பு கூராக இருப்பதால், பத்துத் தோட்டாக்களை உள்ளே தள்ளுவதற்குள் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கிவிடும்.

இவை அனைத்தும் சரிசெய்யக் கூடியவை. எஜெக்டர் ஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றுவது, மேகசின் ஸ்பிரிங்கின் நீளத்தைக் குறைப்பது, மேகசினுக்குள் தோட்டாக்களைத் தள்ளும் பிளாஸ்டிக் ஃபாலோயருக்குப் பதிலாக எஃகினாலானதைப் போடுவது, கேட்டின் விளிம்பை நுண்மணல்தாளால் மழுக்குவது, தேய்த்துச் செல்லும் பரப்புகளின் பிசிறுகளை எண்ணெய்க்கல்லால் நீக்குவது ஆகிய ஐந்தையும் செய்தால் அதே துப்பாக்கி வேறொன்றாக மாறிவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: டிரிகரும் சுத்தியலும் ஒன்றையொன்று பற்றும் முனைகளில் அனுபவம் இல்லாதவர் அரம் வைக்கக் கூடாது. அங்கே தவறு நேர்ந்தால் சுத்தியல் தானாக விழும்.

பென்சில்வேனியா மூத்தவர்

இரு நண்பர்களின் கருத்தையும் மதிக்கிறேன். ஆயினும் எதிர்த்தரப்பை முழுமையாக எடுத்துரைக்க அனுமதி வேண்டும். முன்வரிசையில் நிற்பவர்கள் 1873-ஐ வைத்திருப்பதற்குக் காரணம் பெருமை அன்று, அந்த இயந்திரத்தின் வடிவமேதான்.

1860-இன் ஹென்றி, 1866-இன் மஞ்சள் உலோக வின்செஸ்டர், 1873-இன் இரும்புச் சட்டக வின்செஸ்டர் ஆகிய மூன்றும் ஒரே இதயம் கொண்டவை. முழங்கால் மூட்டைப் போல மடங்கி நீளும் இரண்டு இணைப்புத் தண்டுகள் போல்ட்டை முன்னும் பின்னும் செலுத்துகின்றன. மேகசினிலிருந்து வரும் தோட்டா கேரியர் என்னும் செவ்வகக் கட்டைக்குள் படுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டை நேராக மேலே ஏறி, தோட்டாவைக் குழலுக்கு நேர்கோட்டில் நிறுத்துகிறது. போல்ட் அதை உள்ளே தள்ளுகிறது. 1892-இலும் மார்லின் நிறுவன ரைஃபிளிலும் தோட்டா சாய்வாக ஏறிக் குழலுக்குள் நுழைய வேண்டும். இதில் சாய்வு என்பதே இல்லை. ஆகவேதான் லீவரை எவ்வளவு வேகமாக அடித்தாலும் தோட்டா தடம் புரளுவதில்லை. லீவரின் நகர்வைக் குறுக்கும் மாற்று இணைப்புகளும் இலேசான கேரியரும் விற்பனைக்கு உள்ளன. அவற்றைப் பொருத்திக்கொண்ட தேர்ந்த வீரர்கள் பத்துத் தோட்டாக்களையும் மூன்று விநாடி அளவில் சுட்டு முடிப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

பராமரிப்பும் எளிது. ஒரே ஒரு திருகைக் கழற்றினால் இரு பக்கத் தகடுகளும் வந்துவிடும், இயந்திரம் முழுவதும் கண்முன் இருக்கும். 1892-ஐ முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டுவதற்குப் பொறுமை மிக வேண்டும்.

இந்த வடிவத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இணைப்புத் தண்டுப் பூட்டு உயர் அழுத்தத்தைத் தாங்குவதில் 1892-க்கு ஈடாகாது. ஆனால் நம் போட்டியில் இலேசான தோட்டாக்களையே சுடுகிறோம் என்பதால் அந்தக் குறை இங்கே குறையாகாது. இத்தாலியின் கார்டோனே வால் டிராம்ப்பியாவில் உபெர்ட்டி செய்யும் பிரதிகளையே சிமரான், டெய்லர்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பெயரில் தருகின்றன. ஜப்பானின் மிரோக்கு செய்யும் 1873 வின்செஸ்டர் பெயரிலேயே வருகிறது. புதியவை 1,300 டாலருக்கு மேல் போகும். அத்தொகையில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒஹாயோ புதியவர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி, ஐயா. கேரியரின் இயக்கத்தை இப்போதுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ரிவால்வர்களில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சுடலாம் என்று எண்ணியிருக்கிறேன்; .357 ரைஃபிளிலும் அவற்றையே சுட முடியுமா? மேலும், இன்று அடகுக் கடை ஒன்றில் பழைய மார்லின் 1894 ஒன்றைக் கண்டேன், குழலில் ஜே.எம். என்ற முத்திரை இருந்தது, 850 டாலர் கேட்கிறார்கள்.

விஸ்கான்சின் வாசி

மார்லினைப் பற்றி நான் பதில் சொல்கிறேன், பல ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறேன்.

ஜே.எம். முத்திரை, கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில் பழைய நிறுவனம் செய்தது என்பதற்கான அடையாளம். பின்னர் நிறுவனம் ரெமிங்டன் கைக்குப் போயிற்று. உற்பத்தி நியூயார்க்கின் இலியனுக்கு மாறிய தொடக்க ஆண்டுகளில் வேலைத்தரம் குறைந்ததாகப் பரவலான குறைகூறல் எழுந்தது. 2020-இல் ரூகர் அதை வாங்கியது. புதிய ரூகர் மார்லின்கள் நன்றாகச் செய்யப்படுகின்றன என்றாலும் உங்கள் 900 டாலருக்குள் அடங்கா. ஆகவே, 850 டாலருக்கு நல்ல நிலையிலுள்ள ஜே.எம். கிடைத்தால் நான் தயங்க மாட்டேன். மேற்பகுதி மூடிய திடமான சட்டகம், எளிதில் பிரியும் அமைப்பு, மென்மையான லீவர் ஆகியவை இதன் பலங்கள்.

ஆனால் ஒன்றைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். மார்லின் அடைப்பு என்றே பெயர் பெற்ற நோய் ஒன்று இதற்கு உண்டு. லீவரின் முன்புறத்துக் கூர்விளிம்பு, கேரியரின் அடிப்பகுதியை ஒவ்வொரு முறையும் உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான சுழற்சிகளுக்குப் பிறகு அங்கே ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்ததும் கேரியர் சரியான உயரத்தில் நிற்காது. அடுத்த தோட்டா மேகசினிலிருந்து பாதி நழுவிக் கேரியருக்கு அடியில் சிக்கும். லீவர் அப்படியே பூட்டிக்கொண்டு, கருவிகள் இல்லாமல் திறக்க முடியாத நிலை வரும். கடைக்காரரின் அனுமதியோடு லீவர் திருகைக் கழற்றி, போல்ட்டை எடுத்துவிட்டுக் கேரியரின் அடிப்பகுதியை விளக்கொளியில் பாருங்கள். மெல்லிய கோடு மட்டும் இருந்தால் கவலையில்லை, லீவர் விளிம்பை மழுக்கிவிட்டால் போதும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், பட்டறைச் செலவை விலையிலிருந்து குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இடக்கைக்காரர் என்பதையும் நினைவில் வையுங்கள். மார்லின் வெற்றுக்கூட்டை வலப்பக்கமாக வீசுகிறது. இடத்தோளில் வைத்துச் சுடுபவரின் முகத்துக்குக் குறுக்கே அது பறக்கும். ஆபத்தில்லை, பழகிவிடலாம், ஆனால் சிலருக்கு அது கடைசிவரை எரிச்சலாகவே இருக்கும். 1873-உம் 1892-உம் மேல்நோக்கி எறிவதால் இரு கையினருக்கும் ஒன்றுதான்.

டெக்சாஸ் பட்டறைக்காரர்

.38 ஸ்பெஷலைப் பற்றிய கேள்வி முக்கியமானது. .357 அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில், .38 ஸ்பெஷலைச் சுடுவதில் தீங்கு எதுவும் இல்லை. தோட்டா மேகசினிலிருந்து அறைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் சிக்கல் வரும், அதுவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும்.

1873-இல் கேரியர் கட்டையின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தோட்டாவின் மொத்த நீளம் மிகக் குட்டையாக இருந்தால், அடுத்த தோட்டாவின் பின்பகுதி கேரியருக்குள் எட்டிப் பார்த்து, கட்டை மேலேற விடாமல் தடுக்கும். .38 கூட்டில் ஏறத்தாழ 1.45 அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ள தோட்டாக்கள் பெரும்பாலும் தொல்லையின்றி ஓடுகின்றன. 1892-இல் தோட்டாவை வழிநடத்துபவை இரு பக்க வழிகாட்டிகள். குட்டையான .38 அவற்றைவிட்டு முன்கூட்டியே விடுபட்டு மூக்கைத் தூக்கும். லீவரைத் தயங்கித் தயங்கி இழுத்தால் இது அதிகமாகும், திறக்கும்போதும் மூடும்போதும் உறுதியாக இறுதிவரை கொண்டுபோனால் குறையும். தட்டையான, ஆனால் ஓரம் உருண்ட மூக்குள்ள 125 கிரெய்ன் எடையுள்ள ஈயத் தோட்டா நல்ல தொடக்கம். கூர்மூக்குத் தோட்டாவைக் குழாய் மேகசினில் இடவே கூடாது. பின்னாலிருக்கும் தோட்டாவின் கூர்முனை முன்னாலிருப்பதன் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பகுதியில், நேராகப் போய்ப் படுகிறது.

.38 சரிவர ஓடாவிட்டால், .357 கூட்டிலேயே இலேசான மருந்தளவில் அடைத்த கௌபாய்த் தோட்டாக்களை வாங்கலாம், அல்லது நீங்களே அடைத்துக்கொள்ளலாம். ஆறு ஸ்டேஜ் கொண்ட ஒரு நாள் போட்டிக்கு ரைஃபிளுக்கு அறுபது, ரிவால்வர்களுக்கு அறுபது என்று நூற்றிருபது தோட்டாக்கள் செலவாகும். துப்பாக்கி விலையில் நூறு டாலர் மிச்சப்படுத்துவதைவிட, ரைஃபிளும் ரிவால்வரும் ஒரே தோட்டாவைச் சுடுமாறு அமைத்துக்கொள்வதே நெடுநாளில் பணத்தை மிச்சப்படுத்தும். .357-ஐத் தேர்ந்ததில் நீங்கள் சரியாகவே தொடங்கியிருக்கிறீர்கள்.

நியூ ஜெர்சி நண்பர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். .45 கோல்ட் அளவில் வாங்கினால் கௌபாய் காலத்துக்கு இன்னும் பொருத்தமாக இருக்குமல்லவா? ஹென்றி பிக் பாய் ரைஃபிள் பற்றியும் யாரும் பேசவில்லையே?

பென்சில்வேனியா மூத்தவர்

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள், நண்பரே. ஆனால் அசல் 1873 வின்செஸ்டர் .45 கோல்ட் அளவில் செய்யப்படவே இல்லை. .44-40, .38-40, .32-20 ஆகியவையே அதன் முதன்மையான தோட்டாக்கள். .45 கூட்டின் சுவர் தடித்தது என்பதால் இலேசான மருந்தளவில் அது விரிந்து அறையை அடைப்பதில்லை. புகையும் கரியும் பின்னோக்கி வந்து இயந்திரத்தில் படியும். .44-40-இன் கழுத்து மெல்லியது, நன்றாக அடைக்கும். கறுப்பு வெடிமருந்து சுடுபவர்கள் அதை விரும்புவது இதனால்தான். புதியவருக்கு இவை எதுவும் தேவையில்லை.

பிக் பாய் நன்றாகச் செய்யப்பட்ட துப்பாக்கி. பித்தளைச் சட்டகமும் எண்கோணக் குழலும் உள்ள வகை எட்டரைப் பவுண்டுக்கு மேல் எடை கொண்டது, வேகமாக ஒரு குறியிலிருந்து மற்றொரு குறிக்குத் திருப்புவதற்கு அது பாரம். பக்கவாட்டு கேட் இல்லாத பழைய வகையில் குழல் முனைப் பக்கமிருந்து மட்டுமே நிரப்ப முடியும். விலையும் இவருடைய வரம்பைத் தாண்டும்.

கலிபோர்னியா அன்பர்

தமிழ் வாசகர்கள் பலருக்குத் தேவைப்படக் கூடிய ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்கள் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வாங்கவும் வைத்திருக்கவும் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன. வேறு மாநிலத்தவரிடமிருந்து இணையம் வழியாக வாங்கினால், அது உங்கள் மாநிலத்தின் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகவே உங்களை வந்தடைய வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் வேறுபடுகின்றன. பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒஹாயோ புதியவர்

நன்றி. நான் நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவன். உள்ளூர்க் கடையிலேயே வாங்க இருக்கிறேன்.

விஸ்கான்சின் வாசி சொன்னபடி மார்லினைச் சோதித்தேன். கேரியரின் அடியில் நகம் தெளிவாக மாட்டும் பள்ளம் இருந்தது. லீவர் திருகின் தலையும் சிதைந்திருந்தது. விலையைக் குறைக்கக் கடைக்காரர் இசையவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டேன். இப்போது எஞ்சியிருப்பவை 20 அங்குல ரோஸ்ஸியும் காத்திருப்பும்தான்.

பென்சில்வேனியா மூத்தவர்

காத்திருங்கள் என்றே மீண்டும் சொல்வேன். ரோஸ்ஸியின் விலையோடு பட்டறைச் செலவைக் கூட்டினால் 900 டாலரைத் தொடுவீர்கள். இன்னும் முந்நூறு நானூறு சேர்த்தால் பழைய 1873 ஒன்று கிடைக்கும். இரண்டாண்டில் எப்படியும் 1873-க்குத்தான் வருவீர்கள் என்றால், நடுவில் ஒரு துப்பாக்கி எதற்கு?

அரிசோனா அன்பர்

மூத்தவரின் கணக்கு சரியானது. ஆனால் அதில் ஒரு பருவம் முழுவதும் விடுபட்டுப் போகிறது. முதலாண்டில் ஒருவர் இழக்கும் நேரம் லீவரின் நீளத்தால் வருவதே இல்லை. குறியைத் தவறவிடுவதாலும், சுடும் வரிசையை மறந்து பத்து விநாடித் தண்டனை பெறுவதாலும், துப்பாக்கியை வைக்கும்போதும் எடுக்கும்போதும் தடுமாறுவதாலும் வருகிறது. இவற்றைக் களத்தில் நின்றுதான் கற்க முடியும். மெதுவாக, பத்துக்குப் பத்தும் தட்டில் படும்படி ரோஸ்ஸியில் சுடக் கற்றவர், பிறகு 1873-ஐக் கையில் எடுக்கும்போது அதன் வேகத்தை உடனே பயன்படுத்திக்கொள்வார். மேலும், 1873-ஐ வாங்கிய பிறகும் 1892 வீணாகாது. போட்டி நடுவில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் மாற்றாக நிற்க இன்னொரு ரைஃபிள் வேண்டும், வைத்திருக்காதவர்கள் அன்றைய போட்டியையே இழக்கிறார்கள்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த போட்டிக்கு உங்கள் ரிவால்வர்களோடு செல்லுங்கள். ரைஃபிள் இல்லை என்று சொன்னால் யாராவது தம்முடையதைச் சுடக் கொடுப்பார்கள். இந்த விளையாட்டில் அது வழக்கமான பண்பு. 1873 ஒன்றையும் 1892 ஒன்றையும் இடத்தோளில் வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

ஒஹாயோ புதியவர்

அவ்வாறே செய்தேன். எங்கள் சங்கத்தில் இருவர் மனமுவந்து தம் துப்பாக்கிகளைத் தந்தார்கள். 1873-இன் மென்மை மூத்தவர் எழுதியபடியே இருந்தது, அதில் ஐயமில்லை. எனினும் 1892-இலும் பத்துக் குறிகளையும் அடிக்க முடிந்தது. மேல்நோக்கி எறியப்படும் கூடுகள் எனக்கு இடைஞ்சலாக இல்லை. இடக்கையில் துப்பாக்கியைப் பிடித்தபடி வலக்கையால் மேல்திறப்பில் ஒரு தோட்டாவை இட்டு மூடுவதும் எளிதாகவே வந்தது. 20 அங்குல ரோஸ்ஸியை .357-இல் வாங்கிவிட்டேன். ஸ்பிரிங்குகளை உடனே மாற்றலாமா?

டெக்சாஸ் பட்டறைக்காரர்

வாழ்த்துகள். உடனே மாற்ற வேண்டாம். முதலில் தொழிற்சாலை எண்ணெயை முழுவதும் துடைத்து, சுத்தம் செய்து, தேயும் இடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய் இடுங்கள். பிரைமரும் மருந்தும் இல்லாத பயிற்சித் தோட்டாக்கள் பத்தை, நீங்கள் சுடப்போகும் அதே நீளத்தில் வாங்கி, வீட்டில் உண்மையான தோட்டாக்கள் எதுவும் இல்லாத அறையில், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு மாலைதோறும் ஏற்றி இறக்குங்கள். பாதி இறுக்கம் அதிலேயே போய்விடும். எந்தத் தோட்டா நீளத்தில் சிக்குகிறது, லீவரின் எந்த இடத்தில் சிக்குகிறது என்று குறித்து வையுங்கள். சில நூறு தோட்டாக்களைச் சுட்ட பின்னும் எஞ்சும் குறையை மட்டும் தொட்டால் போதும். பெரும்பாலும் அது எஜெக்டர் ஸ்பிரிங்காக இருக்கும்.

நிரப்பும் மேசையில் பத்துத் தோட்டாக்களை இட்டபின், அறை வெறுமையாக இருக்க, சுத்தியல் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. போல்ட்டின் மேல் உள்ள சிறிய பாதுகாப்புத் திருப்பியை அங்கேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது திரும்பியிருந்தால் சுத்தியல் விழும், தோட்டா வெடிக்காது. கடிகாரம் ஓடும்போது அதன் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.